அடுப்படி ஜன்னலிலிருந்து எடுக்காத படம்

போன மாதம் மலாக்காவில், செங் பக்கத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். வயசானவன் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். முன்வரிசையில் இருந்தால் பாதியில் நழுவ முடியாது, அவ்வளவுதான். மேடைக்குப் பக்கத்தில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டி, அதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி ஒரு பெண்பிள்ளை படம் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒன்றுமே இல்லை. பக்கத்துத் திரையில் பார்த்தால் இரண்டு பேரும் பனிமலை அடிவாரத்தில் நிற்கிறார்கள்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போய்விட்டேன்.

“அங்கிள், உங்களுக்கு எந்த ஊர் வேணும்? சொல்லுங்க, பின்னாடி போட்டுர்றேன்” என்றாள்.

“ஊர் கிடக்கட்டும்மா. பந்தி எப்போ, அதைச் சொல்லு.”

சிரித்தாள். நானும் முப்பத்தாறு வருஷம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்ல, கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். “அப்பல்லாம் பின்னாடி எப்படி அங்கிள் மலை, கடல்லாம் கொண்டு வருவீங்க?”

“எப்படியா? கப்பல் ஏறிப் போய்ப் பிடிச்சுட்டு வருவோம்.”

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். உண்மை என்று தெரிந்ததும் விடவில்லை. எழுதித் தாங்க, எழுதித் தாங்க என்று வாசல்வரை வந்தாள். மண்டபத்தில் அவளிடம் கப்பலையும் காரையும் பற்றிச் சொன்னேன். என் அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. அக்காவைச் சொல்லாமல் அந்தப் பயணத்தைச் சொன்னால் அது பாதிப் பொய். அதனால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மணியம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மலாக்கா காஜா பேராங்கில். அப்பா புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து கித்தாப் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் மூன்று வருஷம் தட்டுக் கழுவினேன். சோற்றுத் தட்டு இல்லை, படம் கழுவுகிற மருந்துத் தட்டு. அடுத்த இரண்டு வருஷம் இருட்டறை. அதற்குப் பிறகுதான் கேமராவைத் தொடவிட்டார்கள். பயிற்சிக் கதை அவ்வளவுதான். இன்னும் நீட்டினால் உங்களுக்குக் கொட்டாவி வரும்.

ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் மலாக்கா செட்டி. நெற்றி நிறைய விபூதி, மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார், தமிழ் மட்டும் வராது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு தனி மலாய். அந்த மலாய்க்கு நடுவே நம்முடைய சொல் ஒன்று திடீரென்று தலை நீட்டும். கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மான்தோல் துண்டை எடுத்து லென்ஸைத் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். நான் ஒரு தடவை கழுவாத கல்யாணப் பிலிம் ஒன்றை வெளிச்சத்தில் திறந்துவிட்டபோது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் துடைத்தார். அவர் வாயிலிருந்து அடிக்கடி வருவது “துங்கு டூலு.” பொறு என்று அர்த்தம். மேகத்துக்கும் அதையே சொல்வார், அழுகிற குழந்தைக்கும் அதையே சொல்வார்.

அந்தக் காலத்தில் படம் கறுப்பு வெள்ளை. வண்ணம் வேண்டுமென்றால் கையால் தீட்ட வேண்டும். எங்கள் ஸ்டூடியோவுக்குத் தீட்டியது என் அக்கா பாக்கியம். வீட்டுப் பின்கதவோரம் பலகை போட்டு உட்கார்ந்து, தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வண்ணத்தைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாள். கன்னத்துக்கு ஒரு சிவப்பு, உதட்டுக்கு ஒரு சிவப்பு, பட்டுக்கு ஒரு சிவப்பு. தாம்பின், மூவாரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, “அந்தக் கை போட்ட கலர்தான் வேணும்” என்பார்கள். அது காஜா பேராங்கில் உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளைப் பிள்ளையின் கை என்று யாருக்கும் தெரியாது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம், என்னைப் போலத்தான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், எப்போது என்று நம் பண்டா ஹிலிர் திடலில் அறிவித்தார்களே, அந்த வருஷம். ஊருக்கே ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. ஆளாளுக்குக் குடும்பத்தோடு படம் பிடித்துக்கொள்ள வந்தார்கள். எங்களிடம் இருந்தது இரண்டே திரைச்சீலை. ஒன்று வெள்ளைக்கார மாளிகையின் மாடிப்படி. இன்னொன்று ஏதோ ஒரு நாட்டு ஏரி, அதில் ஓர் அன்னம். சுருட்டிச் சுருட்டி அன்னத்தின் கழுத்தே கழன்றுவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மனைவியோடு அந்த மாடிப்படிக்கு முன்னால் நின்றவர், திரும்பிப் பார்த்துவிட்டு, “நாடு நம்மளுதுன்னு ஆகப்போவுது. இன்னும் துரை வீட்டுப் படியிலதான் நிக்கணுமா?” என்று கேட்டுவிட்டார். தவுக்கே அன்றைக்கு லென்ஸை எடுத்தவர் வைக்கவே இல்லை.

மறுநாள் சொன்னார்: நல்ல மலை, நல்ல கடல், நல்ல அருவி பார்த்துப் படம் பிடித்து வருவோம், அதை வைத்துப் புதுத் திரைச்சீலை எழுதுவோம். நம் நாட்டிலேயே மலை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது அவசரகாலம். காட்டோரத்தில் முக்காலியை விரித்தால் போலீஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள். காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகள் கேள்வியே கேட்கமாட்டார்கள். அதனால் இலங்கை. தவுக்கே அதற்குச் சொன்ன காரணம் வேறு: தீவு என்றால் சுலபம், ஒரே சடக்கை, அதாவது ரோட்டை, பிடித்துச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பாஷைக்கு நான். “உனக்குத் தமிழ் வரும், எனக்குப் படம் வரும்” என்றார்.

இந்த இடத்தில்தான் அம்மா உள்ளே நுழைந்தாள். அம்மாவின் அண்ணன் இளவயதிலேயே இலங்கைத் தேயிலை மலைக்குப் போனவர். இப்போது அவர் இல்லை. அவர் மகன் சண்முகம் அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அண்ணன் சாகும்போது எழுதின கடிதத்தில் பாக்கியத்தைச் சண்முகத்துக்குக் கொடு என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அக்கா நாலு வருஷமாகப் பிடிகொடுக்காமல் இருந்தாள். அவளுக்கு ஆகாமல் எனக்கு ஆகாது. எனக்கோ குருபோங்கில் ஒரு பெண்மேல் நினைப்பு. கமலா. அவள் அப்பா, கல்யாணமாகாத அக்கா இருக்கிற வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

நான் இலங்கைக்குப் போகிறேன் என்றதும் அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி போய் மாப்பிள்ளைய நேர்ல பார்த்துட்டு வரட்டும். படமும் பிடிச்சுட்டு வரட்டும். அதுக்கப்புறமும் நீ மாட்டேன்னா நான் கேக்கமாட்டேன்.”

அக்கா தீக்குச்சியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: “மாப்பிள்ளை மூஞ்சி எனக்கு எதுக்கு? மூஞ்சிய நான் டெய்லி நூறு பார்க்குறேன். கன்னம் ஒட்டியிருந்தா நானே உப்ப வெச்சுருவேன். டேய் மணியம், நீ நேரா அந்த வீட்டு அடுப்படிக்குப் போ. ஜன்னலைத் திற. வெளிய என்ன தெரியுதோ அதைப் பிடிச்சுட்டு வா. காலம் முழுக்க நான் பார்க்கப்போறது அதைத்தான். அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“அது போதுமா?”

“அது போதும். பொய் சொல்லாம பிடிச்சுட்டு வா.”

சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறினோம். கப்பலில் நான் வாந்தி எடுத்ததைத் தவிர எழுத ஒன்றுமில்லை. கொழும்பில் ஒரு காரும் பியதாஸ் என்ற டிரைவரும் அமைந்தார்கள். கடலோரமாகத் தெற்கே இறங்கி, காலி நகரத்தைச் சுற்றி, பிறகு கிழக்கால் மலை ஏறி, எல்ல, பண்டாரவளை, நுவரெலியா, கடைசியில் அட்டன் என்று திட்டம்.

அந்த மூன்று வாரம் நான் எங்கே இருந்தேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால் கார் ஓடுகிற சத்தம் கேட்காது. தென்னைமரம் மட்டும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். மரத்துக்கு நடுவில் கடல் வரும், போகும், வரும். ஒரு வளைவில் உப்பு வாடை, அடுத்த வளைவில் ஈர மண் வாடை. தவுக்கே முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். தூங்குகிறார் என்று நினைப்போம். திடீரென்று கையைத் தூக்குவார். பியதாஸ் வண்டியை நிறுத்துவார். அங்கே கட்டாயம் ஏதோ ஒன்று இருக்கும்.

எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இயற்கைக் காட்சியைப் பிடிக்கிற மாதிரி நாங்கள் பிடிக்க முடியாது. இது திரைச்சீலைக்கான படம். நாளைக்கு மலாக்காவில் ஒரு ஜோடி இதற்கு முன்னால் நிற்கப்போகிறது. அதனால் படத்தின் நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டாக வேண்டும். அருவி நடுவில் வந்தால் மாப்பிள்ளை தலையிலிருந்து தண்ணீர் கொட்டும். மரம் நடுவில் வந்தால் பெண்ணுக்குக் கொம்பு முளைக்கும். எவ்வளவு அழகு இருந்தாலும் ஓரத்துக்குப் போய்விட வேண்டும்.

தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். உள்ளேயிருந்து “சனா” என்று குரல் வரும். அங்கே போ என்று அர்த்தம். நான் பத்தடி தள்ளிப் போய் நேராக நிற்பேன். கேமரா பின்புறத்து மங்கல் கண்ணாடியில் என் தலைக்கும் பாதத்துக்கும் பென்சிலால் கோடு போடுவார். இடப்பக்கம் ஒரு கை நகரச் சொல்வார். அது பெண் நிற்கிற இடம். பிறகு “கெலுவார்” என்பார். நான் வெளியே வந்துவிடுவேன். வந்த பிறகு காற்றுக்குக் காத்திருப்பார், மேகத்துக்குக் காத்திருப்பார், எங்கோ தூரத்தில் போகிற ஒரு மாடு மறையக் காத்திருப்பார். அப்புறம்தான் கிளிக். ஓர் இடத்துக்கு ஒரு பிலிம், இரண்டாவது கிடையாது. காலி தாண்டி ஓரிடத்தில் கடலுக்குள் கழி நட்டு அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகிறவரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பியதாஸ் தவுக்கேயைக் கைகாட்டி, என்னிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “ஆள் இல்லாத படத்துக்கா மாத்தயா இவ்வளவு தூரம் வந்தது?”

தவுக்கேயின் விபூதியைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைகளில் எல்லாரும் அவரிடமே தமிழில் பேசுவார்கள். அவரும் முகம் கோணாமல் தலையாட்டுவார். அப்படித் தலையாட்டி ஒருநாள் எங்கள் மேசைக்கு ஒன்பது தட்டு இடியாப்பம் வந்து சேர்ந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

சில சமயம் என்னையும் துணிக்குள் பார்க்க விடுவார். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எல்ல ஊருக்குப் பக்கத்தில் பார்த்த அருவி கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. மலை வானத்திலிருந்து தொங்கியது. மூடுபனி என் கால்மாட்டில் கிடந்தது. துணிக்குள் மூச்சுச் சூடு, வெளியே சில்லென்ற காற்று. வெளியே வந்தபோது எது நேர், எது தலைகீழ் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஒரு மாதிரி கிறக்கமாக இருந்தது. அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை என்று இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் வண்ணக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. வீட்டுக்குப் போனதும் அக்கா தீட்ட வேண்டுமே! காரின் படியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். “அக்கா, கடல் ஓரத்தில் பாண்டான் இலைச் சாறு விட்ட தேங்காய்ப்பால். தூரத்தில் நம்ம ஸ்கூல் மை.” “மண், வெயிலில் காயப்போட்ட பெலாச்சான்.” பெலாச்சான் எங்கள் ஊர் இறால் விழுது. “தேயிலைக்கு ஒரு பச்சை கிடையாது அக்கா. கொழுந்து, வாழைக்குருத்து. அடியில் வெற்றிலை. நிழல் விழுந்த இடம் போலீஸ் லாரிப் பச்சை.” அவள் பார்த்த ஊரெல்லாம் மலாக்காதான், அதனால் மலாக்காவை வைத்தே ஒரு தீவை அவளுக்குச் சொன்னேன். எழுத எழுத அவளே பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

அட்டனுக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு பிலிம் மிச்சம். அதைத் தவுக்கே எனக்காக ஒதுக்கியிருந்தார். அக்கா கேட்டது அவருக்குத் தெரியும். நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, நியாயமான வேலை என்கிற மாதிரி தலையை அசைத்தார்.

சண்முகம் அத்தான் ரோட்டு முனையிலேயே குடையோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயசு, முன்தலையில் முடி கொஞ்சம் விலகியிருந்தது. பேசும்போது ஆளைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார். என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் தரவில்லை. வீடு தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால், மலையை வெட்டிக் கட்டின வரிசையில் கடைசி. அத்தை என் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். தன் புருஷன் சாடை இருக்கிறதாம். நாங்கள் வருகிறோம் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுப்படியில் அத்தானே ஒரு புது அலமாரி அடித்திருந்தார். “அவங்க உயரம் தெரியல. தட்டைக் கொஞ்சம் கீழவே வெச்சேன்” என்றார், பொத்தானிடம்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கேமராவை அடுப்படிக்குள் கொண்டுபோனேன். ஜன்னலைத் திறந்தேன்.

மண் சுவர். மலையை வெட்டின சுவர், ஜன்னலிலிருந்து ஒரு கை தூரம். கையை நீட்டினேன், தொட்டுவிட்டேன். ஈரமாக இருந்தது. பாசி, நடுவில் ஓர் ஓட்டை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே எட்டிப் பார்த்தாலும் வானம் தெரியவில்லை. அடுப்புப் புகை ஜன்னல்வரை போய், சுவரில் முட்டி, திரும்ப உள்ளேயே வந்தது. நான் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் கனவு மாதிரி காட்டுகிற அந்தக் கண்ணாடியில், அந்தச் சுவர் தலைகீழாகவும் சுவராகத்தான் இருந்தது.

துணியை விலக்கினால் அத்தான் வாசற்படியில் நிற்கிறார்.

“தம்பி, இதையா பிடிக்கப் போறீங்க?”

“அக்கா கேட்டுச்சு அத்தான்.”

சட்டைப் பொத்தானிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “வேணாம் தம்பி. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். முப்பது அடி நடந்தா வளைவு இருக்கு. அங்க வந்து பாருங்க. தெனம் காலையில அங்கதான் நின்னு தேத்தண்ணி குடிப்பேன். அவங்களையும் அங்கதான் கூட்டிட்டுப் போய் நிப்பேன். அதும் இந்த வீடுதானே? இதைப் பார்த்தா அவங்க என்னை எங்க பார்ப்பாங்க? இந்தச் சுவரைத்தான் பார்ப்பாங்க.”

போய்ப் பார்த்தேன். அந்த வளைவை எப்படி எழுதுவது! மூன்று வாரம் சுற்றினதில் அப்படி ஓர் இடம் அமையவில்லை. பள்ளத்தாக்கு காலடியில் திறந்து கிடந்தது. தேயிலை மலை ஒன்றன்பின் ஒன்றாக ஏழோ எட்டோ. கடைசி மலை மேகமா மலையா என்றே தெரியவில்லை. அடியில் ஒரு ஓடை மினுக்கிக்கொண்டு போனது. எல்லாமே இரண்டு ஓரமாக ஒதுங்கி, நடுவை எங்களுக்காகவே விட்டு வைத்த மாதிரி இருந்தது.

தவுக்கே பின்னாலேயே வந்தார். சுவரையும் பார்த்திருந்தார், வளைவையும் பார்த்தார். “இருப்பது ஒரு பிலிம். இது உன் படம், நான் தலையிடமாட்டேன். எங்கே?” என்று மலாயில் கேட்டார்.

நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவை நினைத்தேன், அந்தக் கடிதத்தை நினைத்தேன். அத்தான் நல்ல மனுஷர், அலமாரித் தட்டைக் கீழே வைத்தவர், இவரோடு அக்கா கஷ்டப்படமாட்டாள் என்று நினைத்தேன். இதெல்லாம் நிஜம். இதற்கெல்லாம் முன்னால் கமலா முகம் வந்து நின்றதே, அதுவும் நிஜம். அக்கா வேண்டாம் என்று சொன்னால் குருபோங் வீட்டுக் கதவு எனக்குச் சாத்தினது சாத்தினதுதான்.

“இங்கேயே” என்றேன்.

தவுக்கே என்னை ஒரு முறை பார்த்தார். துணிக்குள் தலையை விட்டார். “சனா.” போய் நின்றேன். முழங்கால்வரை ஈரப் புல். “கெலுவார்.” வெளியே வந்தேன். மேகம் நகர, அவர் பொத்தானை அழுத்தினார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ‘அடுப்படி ஜன்னல்’ என்று தலைப்புப் போட்டு வண்ணங்களை எழுதினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் தவுக்கே லென்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மலாக்காவில் கழுவிப் பார்த்தால் நாற்பது படத்தில் அதுதான் முதல் தரம். சாயங்காலம் மற்ற படங்களோடு அதையும் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். பின்கதவு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது அடுப்படியிலேருந்தா?”

“ஆமாக்கா.”

“ஜன்னலைத் திறந்து வெச்சா?”

“திறந்து வெச்சுத்தான்.”

படத்தைப் பலகையில் வைத்தாள். ஒரு தீக்குச்சியை எடுத்து நுனியில் பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தாள். “சரி. அம்மாகிட்டச் சொல்லிரு, நான் ஒத்துக்கிட்டேன்னு.”

மூன்று நாள் அந்த ஒரு படத்தையே தீட்டினாள். நான் எழுதின பச்சைகளோடு அவளாக இரண்டு பச்சை சேர்த்திருந்தாள். அந்த வருஷமே அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள். கல்யாணம் அங்கேயே நடந்தது. அடுத்த தை மாதம் எனக்கும் கமலாவுக்கும் கல்யாணம். அக்கா தீட்டின படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சினிமாப் பலகை எழுதுகிற சீனர் ஒருவர் பத்தடித் துணியில் எழுதிக் கொடுத்தார். மெர்டேக்காவுக்கு முன்னாலேயே அதை மாட்டிவிட்டோம். அதற்குப் பிறகு மாடிப்படியை யாரும் கேட்கவில்லை. மலாக்காவில் பாதிக் கல்யாணம் அந்தப் பள்ளத்தாக்கில்தான் நடந்தது என்று சொல்லலாம். என் கல்யாணப் படமும் அந்தத் திரைக்கு முன்னால் நின்று பிடித்ததுதான். ஜோடியைப் பார்த்து, “சிரிங்க, கொஞ்சம் சிரிங்க” என்று சொல்லும்போதெல்லாம் அவர்களுக்குப் பின்னால் அந்த மலை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில நாள் தாங்காது. வெயில் என்று சொல்லி வெளியே போய் நின்றுவிட்டு வருவேன்.

அக்காவிடமிருந்து கடிதம் வரும். நலம், நலமறிய ஆவல். பிள்ளை பிறந்தது, மழை அதிகம். ஜன்னலைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு கடிதத்தையும் அதைத் தேடித்தான் பிரிப்பேன். வந்து போகலாம் என்றால் அத்தானுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் கடைசிவரை கைக்கு வரவில்லை. பயணம் என்றாலே ஆயிரம் சிக்கல். அப்பா காரியத்துக்குத்தான் முதல் தடவையாக வந்தாள், பதினோரு வருஷம் கழித்து, தனியாக. முன்நெற்றியில் நரை. கையில் வண்ணத்துக்குப் பதிலாகத் தேயிலைக் கறை.

காரியம் முடிந்த மறுநாள் காலை. அவள் பழைய இடத்திலேயே, பின்கதவோரம் அடுப்படியில், சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, அந்த ஜன்னல்...”

“பார்றா! பதினோரு வருஷம் கழிச்சு வாய் திறக்குது.” சிரித்துவிட்டாள். “கல்யாணம் ஆன மூணாம் நாளே உங்க அத்தான் சொல்லிட்டாரு. நான்தான் தம்பிகிட்டக் கெஞ்சினேன், என் மேலதான் தப்புன்னு, கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அன்னையிலேருந்து ஞாயித்துக்கிழமை ஆனா மண்வெட்டிய எடுத்துக்கிட்டு அந்தச் சுவரை வெட்டுவாரு. இப்ப அங்க ஒரு ஆள் நின்னு துணி காயப்போடலாம். மத்தியானத்துல வெயில்கூட வருது தெரியுமா? தங்கமான மனுஷன்டா.”

எனக்கு மூச்சு வந்தது. “அப்ப அங்க போனப்புறம்தான் உனக்குத் தெரிஞ்சுச்சு.”

“யார் சொன்னா? நீ படத்தைக் கையில கொடுத்தப்பவே தெரியும். நடுவுல புல்லு மிதிபட்டுக் கிடந்துச்சே. நீ நின்னுட்டு நகர்ந்த இடம். உங்க படத்துல புல்லு வந்த இடமெல்லாம் அதே தடம், நான்தானே பச்சை போட்டு நிமித்துனேன்? அடுப்படியிலேருந்து பிடிக்கிறவன் வெளிய போய் எதுக்குடா புல்லுல நிக்கணும்?”

“தெரிஞ்சுமா போனே?”

“தெரிஞ்சதாலதான் போனேன்.”

வடிகஞ்சி பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். கோபமே இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அவரு பொய் சொன்னது நான் வரணும்னு. நீ பொய் சொன்னது நான் போகணும்னு. ரெண்டும் ஒண்ணாடா? என்னைப் போகச் சொல்ற வீட்ல நான் எதுக்கு உட்கார்ந்து கலர் போட்டுக்கிட்டு இருக்கணும்?”

இல்லக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்னறையில் கமலா எங்கள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டு, ஆடாம உட்காரு என்று அதட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா காத்திருந்தாள். அதை எழுதியே ஆக வேண்டும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் சொல்வேன் என்று, அவள் காத்திருந்தாள்.

பிறகு சோற்றுப் பானையைத் தட்டால் மூடினாள். “சரி, எல்லாரையும் கூப்பிடு. சோறு ஆறிடும்.”